ஏற்காடு கோடை விழாவில் எங்கள் மிளகுக் கடை

மே மாதம் பிறந்துவிட்டால் சேலத்து ஆட்களின் கண் மலைமேலேயே இருக்கும். கீழே வெயில் மண்டையைப் பிளக்கும் நேரத்தில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போதும், ஏற்காட்டின் சாயங்காலக் காற்றுக்குத் தலையில் துண்டைக் கட்டிக்கொள்ளத் தோன்றும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். நடுவில் ஏரி, ஏரியை ஒட்டி அண்ணா பூங்கா, சுற்றிலும் காபித் தோட்டங்கள், அவற்றைத் தாண்டி 67 மலைக்கிராமங்கள். மே மாதக் கடைசி வாக்கில் அரசு நடத்தும் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும்தான் இந்தச் சின்ன ஊருக்கு வருஷத்தின் பெரிய நாட்கள்.

அந்த விழாவில் எங்கள் மகளிர் குழு பல வருஷமாகக் கடை போடுகிறது. மிளகு, காபித்தூள், கிடைத்தால் கொஞ்சம் மலைத்தேன். புதிதாகக் கடை போட நினைக்கும் குழுக்காரர்கள் எங்களிடம் வந்து என்னென்ன செய்ய வேண்டும் என்று கேட்பதுண்டு. அவர்களிடம் வாயால் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். விழா பார்க்க வருகிறவர்களுக்கும் கடைசியில் சில விஷயங்கள் சொல்ல வேண்டியிருக்கிறது.

விழா வேலை மே மாதத்தில் தொடங்குவது கிடையாது. தேதி அறிவிப்பு வந்து விழா தொடங்குவதற்குள் நடுவில் அதிக நாள் இருக்காது. அந்த இடைவெளியில் சரக்குத் தயார் பண்ணலாம் என்று உட்கார்ந்தால் நடக்காது. எங்களுக்கு விழா தொடங்குவது மிளகு பறிக்கும் காலத்தில், அதாவது தை, மாசியில்.

காபித் தோட்டங்களில் நிழலுக்காக நிற்கும் சில்வர் ஓக் மரங்களில்தான் இங்கே மிளகுக்கொடி ஏறியிருக்கும். சரத்தில் ஒன்றிரண்டு மணிகள் சிவந்ததும் பறிக்க வேண்டும். ஏணி போட்டுப் பறித்து, உதிர்த்து, கொதிக்கிற தண்ணீரில் ஒரு நிமிஷம் முக்கி எடுத்துக் காயப் போடுகிறோம். அப்படி முக்கி எடுத்தால் சீக்கிரம் காயும், நிறமும் ஒரே சீராகக் கறுப்பாக வரும். முக்காமல் காயப்போட்ட மிளகில் பழுப்பும் சாம்பலுமாகத் திட்டுத்திட்டாக இருக்கும். காரத்தில் குறை ஒன்றும் இருக்காது. ஆனால் விழாவுக்கு வருகிறவர் முதலில் பார்ப்பது நிறத்தைத்தான். மூன்று கிலோ பச்சை மிளகு காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ நிற்கும். கடித்தால் ‘டக்’கென்று உடைய வேண்டும். நசுங்கினால் இன்னும் ஈரம் இருக்கிறது, இன்னொரு வெயில் காட்ட வேண்டும். ஈரத்தோடு பையில் கட்டி வைத்தால் மே மாதம் பிரிக்கும்போது பூஞ்சை வாசம் வரும். அந்த வாசத்தை எதைப் போட்டும் போக்க முடியாது.

காய்ந்த பிறகு முறத்தில் புடைக்க வேண்டும். இந்த வேலையில் யாரும் அவசரப்படக் கூடாது. வியாபாரிகள் மிளகை வாங்கும்போது ஒரு லிட்டர் அளவைக் குவளையில் அள்ளி எடை போட்டுப் பார்ப்பார்கள். நல்ல மிளகு லிட்டருக்கு 500 முதல் 550 கிராம் வரை நிற்கும். உள்ளே பருப்பில்லாத பொக்கு மிளகு கலந்திருந்தால் எடை இறங்கிவிடும், விலையையும் இறக்குவார்கள். விழாவுக்கு வருகிறவர் லிட்டர் எடை பார்க்க மாட்டார். ஆனாலும் அதே மிளகைத்தான் அவருக்கும் கொடுக்க வேண்டும். ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

காபி வேறு கணக்கு. ஏற்காடு இருக்கும் இந்தச் சேர்வராயன் மலைக்குக் காபி வந்தது 1820களில், சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் கொண்டுவந்தது என்பார்கள். பேரிக்காயும் அவர் காலத்தில் வந்ததுதான். இருநூறு வருஷமாக இங்கே காபி விளைந்தும், பயணிகள் பலருக்கு ஏற்காட்டில் காபி விளைகிறது என்பதே தெரியாது. மலையேறி வந்து, கீழேயே வாங்கக்கூடிய பாக்கெட் காபித்தூளை இங்கேயும் வாங்கிக்கொண்டு போவார்கள். காபிக்கொட்டையை நாங்கள் விழா நடக்கிற வாரத்தில்தான் வறுக்கிறோம். வறுத்து அரைத்த தூள் நாளாக நாளாக மணம் இழக்கும். ஒரு பகுதியை அரைக்காமல் கொட்டையாகவே கடைக்குக் கொண்டுபோய், கையால் சுற்றும் மெஷினில் அங்கேயே அரைத்துக் கொடுக்கிறோம். இதைவிட நல்ல விளம்பரத்தை நான் பார்த்ததில்லை. மெஷினைச் சுற்ற ஆரம்பித்ததும் எதிர்வரிசையில் நடக்கிறவர்கள் கூட இந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள்.

இடம் எப்படிக் கிடைக்கும் என்பதுதான் எல்லோருடைய முதல் கேள்வி. மகளிர் குழு என்றால், குழுக்களைக் கவனிக்கும் அரசின் ‘மகளிர் திட்டம்’ அலுவலகம் வழியாகக் கேட்பதுதான் நேர்வழி. குழு உங்கள் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் இருக்க வேண்டும், தீர்மான நோட்டும் வங்கிக் கணக்கும் ஒழுங்காக இருக்க வேண்டும். விழா அறிவிப்பு வரட்டும் என்று காத்திருக்காமல் சித்திரை பிறந்ததும் வட்டார அலுவலகத்தில் போய் ஒரு கடிதம் கொடுத்து வையுங்கள். விழாவில் தோட்டக்கலை, வேளாண்மை, கால்நடை என்று அரசுத் துறைகளின் அரங்குகள் வரிசையாக வரும். குழுக்களின் கடைகளும் அந்தச் சுற்றில்தான் அமையும். மூலைக் கடை கிடைத்தால் நல்லது. நுழைவாசலுக்கு மிக அருகே கிடைத்தால் ரொம்ப சந்தோஷப்பட வேண்டாம். உள்ளே நுழைகிற வேகத்தில் யாரும் நிற்க மாட்டார்கள். பூவெல்லாம் பார்த்து, கால் வலித்து, பிள்ளைக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்க நிற்கிற இடம் எதுவோ அங்கேதான் வியாபாரம் நடக்கும்.

உணவுப் பொருள் விற்பதற்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு கட்டாயம். நாங்கள் எடுத்தபோது, ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் பதிவுச் சான்று மட்டும் போதுமாக இருந்தது, வருஷத்துக்கு 100 ரூபாய் கட்டணம் வாங்கினார்கள். அந்த 14 இலக்க எண்ணை ஒவ்வொரு பாக்கெட்டிலும் போட வேண்டும். கூடவே பொருளின் பெயர், எடை, பேக் செய்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம், விலை, குழுவின் முகவரி, போன் நம்பர். காபியில் சிக்கரி கலந்தால் எத்தனை சதவீதம் என்று எழுதியே தீர வேண்டும். கலவையில் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும் என்பது சட்டம். எடைத் தராசுக்கு அந்த வருஷத்து முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். இதெல்லாம் அதிகாரிக்குப் பயந்து செய்கிற வேலை என்று சிலர் நினைக்கிறார்கள். லேபிளைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டு வாங்குகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். முகம் தெரியாத ஊரில் முகம் தெரியாத ஆளிடம் வாங்கும்போது அந்தச் சின்னக் காகிதத்தைத்தான் நம்புகிறார்கள்.

பாக்கெட் அளவு பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். விழாவுக்கு வருகிறவர் கையில் ஏற்கெனவே ஒரு குழந்தை, ஒரு பை, ஒரு தண்ணீர் பாட்டில், பாதி தின்ற மிளகாய் பஜ்ஜி எல்லாம் இருக்கும். அவரிடம் ஒரு கிலோ மிளகை நீட்டினால் எடுத்துக்கொள்ள மாட்டார். 50 கிராம், 100 கிராம் என்று போட்டால் ‘சரி, ஒண்ணு குடுங்க’ என்று வாங்கிக்கொண்டு நடப்பார். காபித்தூள் 100 கிராம் நன்றாகப் போகும், 200 கிராமுக்கு வீட்டில் தினமும் டிக்காஷன் போடுகிறவர்கள் மட்டும் வருவார்கள். அதற்காகப் பெரிய பாக்கெட்டே வேண்டாம் என்றில்லை. பின்னால் அடுக்கி வைத்திருங்கள். சாயங்காலம் திரும்பிப் போகும்போது காரில் வந்தவர்கள் வாங்குவார்கள். பவுச்சுக்குச் சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குப் போனால் மொத்த விலையில் கிடைக்கும். உள்ளே அலுமினியத் தாள் ஒட்டிய பவுச்சாகப் பார்த்து வாங்குங்கள். மலை ஈரத்தில் சாதாரணக் கவரில் போட்ட காபித்தூள் சீக்கிரமே கட்டிதட்டிவிடும்.

விலையை விழாவுக்காக ஏற்றக் கூடாது. எங்கள் குழுவில் இதற்கு எழுதி வைத்த தீர்மானமே இருக்கிறது. கூட்டம் அள்ளும் ஞாயிற்றுக்கிழமை பக்கத்துக் கடையில் பத்து ரூபாய் கூட்டியிருப்பார்கள். நாமும் கூட்டினால் என்ன என்று மனசு கேட்கும். பாக்கெட்டில் அச்சடித்த விலையைத் தாண்டி ஒரு ரூபாய் வாங்கினாலும் சட்டப்படி தப்பு. அதைவிட முக்கியமாக, அதே ஆள் ஆடி மாதம் போன் பண்ணும்போது என்ன விலை சொல்வது?

இனி டம்ளர் விஷயம். எங்கள் கடை மேஜையில் எப்போதும் இரண்டு கண்ணாடி டம்ளரில் பச்சைத்தண்ணீர் இருக்கும். ஒன்று மிளகுக்கு, ஒன்று காபிக்கு. ஒருநாள் திருப்பூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம். அப்பா மிளகுப் பாக்கெட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, “ஏங்க, இது எங்க ஊர் மளிகைக் கடையிலேயே கிடைக்குதுங்களே, இதுக்கு மலையேறணுமா?” என்றார். நியாயமான கேள்வி. எங்கள் குழுவின் மூத்த அக்கா அவருக்குப் பதில் சொல்லாமல், கூட இருந்த சின்னப் பெண்ணின் கையில் ஒரு சிட்டிகை மிளகைக் கொடுத்து, “பாப்பா, இதைத் தண்ணியில போடு கண்ணு” என்றார். போட்டாள். மணி அத்தனையும் நேரே அடியில் போய் உட்கார்ந்தது. அப்புறம் அக்கா தனி டப்பாவில் வைத்திருந்த பப்பாளி விதையைக் கொஞ்சம் கொடுத்தார். காய்ந்த பப்பாளி விதை பார்ப்பதற்கு மிளகு மாதிரியே இருக்கும். போட்டாள். அது மேலேயே மிதந்தது. “அப்பா, இது ஏமாத்துது!” என்று அவள் கத்தியதில் பின்னால் போய்க்கொண்டிருந்த இன்னொரு குடும்பமும் நின்றுவிட்டது.

மிதப்பதெல்லாம் பப்பாளி விதை கிடையாது. பொக்கு மிளகும் மிதக்கும். முறத்தில் ஒழுங்காகப் புடைக்க வேண்டும் என்று மேலே சொன்னது இதற்காகத்தான். எங்கள் மிளகிலேயே நாலு மணி மிதந்தால் அந்தச் சின்னப் பெண் சும்மா விட மாட்டாள்.

காபி டம்ளரில் நடப்பது நேர் எதிர். சுத்தமான காபித்தூளைத் தண்ணீர்மேல் தூவினால் அப்படியே மேலே நிற்கும். சிக்கரி கலந்திருந்தால் அது பழுப்பு நிறக் கோடு இழுத்துக்கொண்டு கீழே இறங்கும். சிக்கரி கலந்தது கலப்படம் ஆகிவிடாது, எங்களிடமும் கலந்தது உண்டு, அந்த ருசி பிடித்தவர்கள் நிறையப் பேர். எவ்வளவு கலந்திருக்கிறது என்று சொல்லி விற்கிறோமா என்பதுதான் விஷயம். இரண்டு டம்ளரும் சேர்ந்து விற்றுக் கொடுத்ததை எங்கள் பேனர் ஒருநாளும் விற்றுக் கொடுத்ததில்லை. எந்தப் பொருள் விற்றாலும் சரி, வாங்குகிறவர் தன் கையாலேயே செய்து பார்க்கும்படி ஒரு சோதனையை மேஜைமேல் வையுங்கள். முக்கியமாகக் குழந்தைகள் செய்யும்படி.

மழை வரும். மே மாதம் ஏற்காட்டில் மத்தியானம் வரை வெயில் காய்ந்துவிட்டு, திடீரென்று மேகம் இறங்கி, பத்து நிமிஷத்தில் ஏரியே கண்ணுக்குத் தெரியாதபடி கொட்டும். பந்தல் போட்டிருக்கிறார்களே என்று நம்பியிருக்கக் கூடாது. பந்தலுக்கு மேலே தேங்கும் தண்ணீர் மழை விட்ட பிறகுதான் ஒரேயடியாகக் கொட்டும். சொந்தமாக ஒரு நல்ல படுதா, கயிறு, இரண்டு மூங்கில் கழி கொண்டு போங்கள். சரக்கைத் தரையில் வைக்காமல் செங்கல்மேல் பலகை போட்டு அடுக்குங்கள். மழை பெய்யும்போது கடையை மூடாதீர்கள். இதை ஒரு வளையல் கடைக்காரப் பாட்டியம்மா பல வருஷத்துக்கு முன் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். ஒதுங்க இடமில்லாமல் ஜனங்கள் கடைகளின் கூரைக்குக் கீழே வந்து நிற்பார்கள். “உள்ளே வந்து நில்லுங்க, பிள்ளை நனையுது” என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அரைமணி நேரம் நம் கடைக்குள்ளேயே நிற்கிறவர் நம் ஊர், தோட்டம், மிளகு எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் கிளம்புவார்.

மழையோடு கரண்ட்டும் போகும், போன் டவரும் திணறும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலக் கூட்டத்தில் ஜிபே சுற்றிக்கொண்டே இருக்கும். பணம் போய்விட்டது என்று அவர் சொல்வார், வந்ததாக நம் ஸ்பீக்கர் சொல்லாது. வாங்குகிறவரைச் சந்தேகமாகப் பார்த்தால் முகம் சுளிப்பார். அவருடைய பெயரையும் போன் நம்பரையும் ஒரு நோட்டில் எழுதச் சொல்லிவிட்டு அனுப்பிவிடுகிறோம். இரவு கணக்குப் பார்க்கும்போது வராதவை ரொம்பக் குறைவாகவே இருக்கும், போன் பண்ணினால் போட்டும் விடுவார்கள். இதற்கிடையே பத்து ரூபாய், இருபது ரூபாய் நோட்டும் காசும் ஒரு பையில் தயாராக இருக்க வேண்டும். விழா நாட்களில் ஏற்காட்டில் சில்லறை மாற்றுவது நடக்காத காரியம். அடிவாரத்திலேயே மாற்றிக்கொண்டு வாருங்கள்.

பெண்கள் நடத்தும் கடை என்றால் இன்னொன்றையும் வெளிப்படையாகவே பேச வேண்டும். காலையில் வந்து இரவு வரை நிற்கிறோம். பொதுக் கழிப்பறையில் கூட்டம் தாங்காது. போக வேண்டியிருக்குமே என்று தண்ணீர் குடிக்காமலே இருந்து, மூன்றாம் நாள் காய்ச்சலில் படுத்தவர்கள் உண்டு. ஏரிப் பக்கம் தெரிந்தவர்கள் வீடு ஒன்றை முன்கூட்டியே பேசி வையுங்கள். ஒரு கடைக்குக் குறைந்தது மூன்று பேர் வேண்டும். ஒருவர் பொருள் காட்ட, ஒருவர் காசு வாங்க, ஒருவர் மாற்றிவிட. இரவு ஊருக்குப் போகக் கடைசி பஸ்ஸை நம்பாமல், அக்கம்பக்கத்து ஊர்க் குழுக்கள் சேர்ந்து ஒரு குட்டி யானை வண்டியைப் பேசிக்கொள்வது நல்லது. அதே மே மாதத்தில் சேர்வராயன் கோயில் திருவிழாவும் வரும். மலை உச்சியில் குகைக்குள் இருக்கும் கோயில், சேர்வராயனும் காவேரியம்மனும் எங்கள் மலை ஜனங்களின் தெய்வங்கள். இரண்டும் ஒரே சமயம் வந்துவிட்டால் எல்லோருக்கும் கோயிலுக்குப் போக ஆசை இருக்கும். யார் எந்த நாள் என்று முன்கூட்டியே பிரித்துவிட்டால் மனஸ்தாபம் வராது.

கடைக்குள்ளேயே கிடந்து விழாவைப் பார்க்காமல் போகாதீர்கள். தோட்டக்கலைத் துறையினர் மாதக்கணக்கில் முன்பே தொட்டிகளில் டேலியா, சால்வியா, ஜினியா என்று வளர்க்கத் தொடங்கிவிடுவார்கள். விழாவுக்கு முந்தைய ராத்திரி அண்ணா பூங்காவில் கார்னேஷனையும் ஜெர்பராவையும் ஒவ்வொன்றாகக் குத்தி உருவங்கள் செய்வார்கள். கடை அடுக்கப் போகும்போது அதைப் பார்க்கக் கிடைக்கும். நூற்றுக்கணக்கான பூக்களைக் காம்பு நறுக்கி, ஒரே சாய்வில், நிறம் பிசகாமல் குத்திக்கொண்டே போகிற அந்தக் கைகளை நான் நின்று நின்று பார்த்திருக்கிறேன். காலையில் வருகிறவர்கள் முன்னால் நின்று செல்பி எடுப்பார்கள். செய்தவர்கள் அதற்குள் வேனில் தூங்கிப்போயிருப்பார்கள்.

அப்புறம் படகுப் போட்டி. சுற்றுலா வந்தவர்களும் உள்ளூர்க்காரர்களும் சேர்ந்து மிதிபடகை மிதிப்பார்கள். பெண்களுக்கான போட்டியில் எங்கள் ஊர்ப் பெண்கள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தால் கரையில் நிற்கிற மொத்தக் கூட்டமும் விசிலடிக்கும். நாய் கண்காட்சி, கொழுகொழு குழந்தை போட்டி, சமையல் போட்டி, கலையரங்கத்தில் சாயங்கால நிகழ்ச்சிகள் எல்லாம் உண்டு. எங்கள் மலைக்கிராமத்துப் பிள்ளைகள் அந்த மேடையில் ஆடும் நாளில் கடையில் ஒருவரை மட்டும் விட்டுவிட்டு எல்லோரும் போய்விடுவோம். இந்த விழா சுற்றுலாவுக்கு என்று ஆரம்பித்ததாக இருக்கலாம். ஆனால் ஒரே மலையில் இருந்தும் வருஷம் பூராவும் பார்த்துக்கொள்ள முடியாத சொந்தபந்தங்கள் சந்தித்துக்கொள்வது இங்கேதான். மலைக்கிராமங்களின் கடைகளுக்கும் ஆட்டத்துக்கும் இந்த விழாவில் இன்னும் நல்ல இடம், இன்னும் அதிக நேரம் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு வருஷமும் கருத்துக் கேட்கும்போது நாங்கள் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம், இனியும் சொல்வோம்.

விழா பார்க்க வருகிறவர்களுக்கு. முடிந்தால் வார நாளில், முதல் இரண்டு நாட்களுக்குள் வாருங்கள். அறுத்து வைத்த பூ எத்தனை தண்ணீர் தெளித்தாலும் நாளாக நாளாக வாடும். காலை ஒன்பது மணிக்குள் பூங்காவுக்குள் போய்விட்டால் ஆற அமரப் பார்க்கலாம். விழா நாட்களில் போக்குவரத்தை மாற்றிவிடுவார்கள். வழக்கமாக அடிவாரம் பாதையில் ஏறி, குப்பனூர் வழியாக இறங்க வேண்டியிருக்கும். குப்பனூர்ப் பாதை சுற்று, அதற்குத் தகுந்த நேரம் கையில் இருக்கட்டும். சேலத்திலிருந்து சிறப்புப் பேருந்துகள் விடுவார்கள். கார் நிறுத்த இடம் தேடி அலைவதற்கு அது எவ்வளவோ மேல். சொந்த வண்டியில் வந்தால், ஏறுகிற வண்டிக்கு வழி விடுங்கள், இறங்கும்போது சின்ன கியரில் இறங்குங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கி, சக்கரம் புகைந்து ஓரத்தில் நிற்கிற வண்டிகளை ஒவ்வொரு விழாவிலும் பார்க்கிறோம். குழந்தைகளுக்கு வளைவில் குமட்டும். வயிறு முட்டக் கொடுத்து ஏற்றாதீர்கள்.

குழந்தையின் முன்கையில் பேனாவால் உங்கள் போன் நம்பரை எழுதிவிடுங்கள். ஏரிக்கரைக் கூட்டத்தில் மைக்கில் காணாமல் போன பிள்ளையின் சட்டை நிறத்தைச் சொல்லிக்கொண்டிருப்பதைக் கேட்கும்போதெல்லாம் எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். எங்கள் கடையில் அழுதுகொண்டு வந்து நின்ற பிள்ளைகளில், கையில் நம்பர் இருந்த பிள்ளையின் அம்மா ஐந்து நிமிஷத்தில் வந்துவிட்டார். நம்பர் இல்லாத பிள்ளைக்கு நேரமாகும், அதற்குள் அந்தப் பிள்ளை படும் பாட்டைப் பார்க்க முடியாது.

ஒரு ஸ்வெட்டரும் குடையும் இருக்கட்டும். சாயங்காலம் தோட்டச் சாலைகளில் காட்டெருமை நிற்கும். வண்டியை விட்டு இறங்கிப் படம் எடுக்கப் போகாதீர்கள். 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது. இருந்தும் விழா முடிந்த மறுநாள் காலை ஏரிக்கரையைக் கூட்டுகிற பெண்கள் மூட்டை மூட்டையாக அள்ளுகிறார்கள். அவர்களில் சிலர் எங்கள் ஊர்க்காரர்கள். ஒரு துணிப்பையும் வீட்டிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலும் கொண்டு வந்தால் அவர்கள் முதுகுக்கு அவ்வளவு சுமை குறையும்.

மறுபடியும் கடைக்காரர்களுக்கு. விழாவின் வருமானத்தை விழா நாட்களின் கல்லாப்பெட்டியை வைத்து மட்டும் கணக்குப் போட வேண்டாம். ஒவ்வொரு பாக்கெட்டிலும் போன் நம்பர் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும் என்று நாங்கள் பிடிவாதமாக இருக்கிறோம். வாங்கியவர் வீட்டுக்குப் போய் ரசம் வைப்பார். நன்றாக இருந்தால் அந்தக் காலிக் கவரைத் தூக்கி எறிவதற்கு முன் நம்பரைப் பார்ப்பார். 2020லும் 2021லும் கொரோனாவால் விழாவே நடக்கவில்லை. மிளகு மட்டும் வழக்கம்போல விளைந்தது. அந்த இரண்டு வருஷமும் வியாபாரி கேட்ட விலைக்கே எல்லாவற்றையும் கொட்டிவிட்டு வர வேண்டிய நிலைமை எங்களுக்கு வரவில்லை. பழைய விழாக்களில் வாங்கியவர்கள் போன் பண்ணி, அரைக் கிலோ, ஒரு கிலோ என்று பார்சலில் வாங்கினார்கள். ஈரோட்டில் ஒரு டீச்சரம்மா தன் பள்ளிக்கூட ஆசிரியைகள் எல்லோருக்கும் சேர்த்து வாங்கினார். 2022 மே மாதம் 45ஆவது கோடை விழாவாக மறுபடி நடந்தபோது அவர்களில் பலர் கடைக்கு நேரில் வந்து, போனில் மட்டும் கேட்ட குரல்களுக்கு முகம் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அதனால் விழா முடிந்த வாரத்தில் நாங்கள் செய்கிற முதல் வேலை, நோட்டில் இருக்கும் நம்பர்களை எல்லாம் போனில் ஏற்றி, ஊர்வாரியாகப் பெயர் போட்டு வைப்பது. காபித்தூள் வாங்கியவர்களுக்கு ஒரு மாதம் கழித்து, ‘புதுசா வறுத்திருக்கோம், வேணுமாங்க’ என்று ஒரு செய்தி அனுப்பினால் போதும், தினமும் அனுப்பித் தொல்லை பண்ணக் கூடாது. மிளகு வாங்கியவர்களுக்கு மழைக்காலம் தொடங்கும்போது. சளி, இருமலுக்கு வீட்டில் மிளகு தேடுகிற நாட்கள் அவை. பார்சலுக்கான எடை, அஞ்சல் செலவு எல்லாவற்றையும் முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், போனில் கேட்டதும் தயங்காமல் சொல்லலாம். படிக்கிற பிள்ளை ஒன்று குழுவில் யார் வீட்டிலாவது இருக்கும், இந்தப் பொறுப்பை அவர்களிடம் கொடுத்து, அதற்குக் கூலியும் கொடுங்கள். எங்கள் குழுவில் ஒரு அக்காவின் மகள்தான் இதைப் பார்க்கிறாள். கல்லூரி விட்டு வந்ததும் அன்றைக்கு வந்த ஆர்டரைப் படித்துச் சொல்வாள், நாங்கள் நாலு பேர் அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எடை போட்டுக் கட்டிவிடுவோம்.